வீட்லயே பாடம் சொல்லிக்குடுக்க எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்

என் பொண்ணுக்கு ஆறு வயசு, ராயபுரத்துல வீட்லயே வச்சு தான் படிக்க வைக்கிறேன். நீங்களும் ஆரம்பிக்கப்போறீங்கன்னா மொத நாளே 247 எழுத்தையும் தூக்கி அது தலைல வைக்காதீங்க. ட, ப, ம மூணு போதும், ட-வும் ப-வும் நேர்கோடு தான், சின்ன கைக்கு சீக்கிரம் பிடிபடும், அப்புறம் புள்ளி வைக்க காட்டினா படம், பட்டம், மட்டம்னு அதுவே கூட்டிப் படிக்கும். நோட்டுக்கு முன்னாடி கோலமாவுல விரலால எழுத விடுங்க.

கணக்குக்கு காசிமேட்டு நெத்திலி தான். கழுவுறதுக்கு முன்னாடி தட்டுல பத்து பத்தா அடுக்க சொல்வேன், ஒரு நாள் 43 இருந்துச்சு, "நாலு பத்து, மூணு தனியா நிக்குதும்மா"ன்னா, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஒரு தடவைக்கு இருபது நிமிஷம் போதும், கொட்டாவி விட்டா மூடி வச்சிடுங்க, மிரட்டி உக்கார வைக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்காது.

பாடநூல் கழகத்தோட ஒன்னாங்கிளாஸ் புக் பிடிஎஃப்பாவே இலவசமா கிடைக்குது. சர்டிபிகேட்டுக்கு என்ஐஓஎஸ்ல, அதாவது மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளில, ஓபிஇ-ன்னு அடிப்படைக் கல்வித் திட்டம் இருக்கு, ஏ லெவல்னா மூணாங்கிளாஸுக்கு சமம், பி அஞ்சு, சி எட்டு.

சாயங்காலம் மட்டும் கண்டிப்பா தெரு பசங்களோட விளையாட விடுங்க.