பூஞ்சைப் பரிசோதனைக்குச் சளி கொடுக்கும் முறை

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆஸ்துமா, மூச்சுக்குழல் விரிவு நோய் ஆகியவற்றால் அவதிப்படுவோரின் மூச்சுக்குழல்களில் சளி தேங்கி நிற்பதால், காற்றில் எப்போதும் மிதக்கும், 2 முதல் 3 மைக்ரான் அளவேயுள்ள ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் அங்கே எளிதில் தங்கிவிடுகின்றன.

இதைக் கண்டறியச் சளி கொடுக்கும்போது, காலையில் எழுந்ததும் வெறும் நீரால் வாயை நன்கு கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழ்ந்து மூச்சிழுத்து, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி, கெட்டியான சளியை மட்டும் கிருமிநீக்கிய குப்பியில் சேர்க்க வேண்டும். நுரைத்த எச்சில் பயன்படாது. இயன்றவரை 2 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். பழுப்பு நிறத்தில், ரப்பர் போன்ற சிறு கட்டி வெளிவந்தால் அதை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது பூஞ்சை ஒவ்வாமையின் அடையாளமாக இருக்கலாம், கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழல் நிரந்தரமாக விரிந்துவிடக்கூடும்.

அறிக்கையில் கேண்டிடா என்ற பூஞ்சையின் பெயர் இருந்தால் பதற வேண்டாம். அது பெரும்பாலும் வாயிலிருந்து வந்ததே. ஆஸ்பெர்ஜில்லஸ் என்றிருந்தால், அது வெறுமனே தங்கியிருக்கிறதா, நோயாகிவிட்டதா என்பதை அறிகுறிகளோடு ரத்தப் பரிசோதனைகளையும் சி.டி. ஸ்கேனையும் வைத்தே மருத்துவர் தீர்மானிப்பார். இட்ராகோனசோல் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்து எழுதித் தரப்பட்டால், நீங்கள் பயன்படுத்தும் இன்ஹேலரின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள்: புடெசோனைடு, புளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டுகள் உடலில் அளவுக்கு மீறிச் சேர அம்மருந்து வழிசெய்துவிடும்.