டோட்டம் கம்பங்களைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

டோட்டம் கம்பம் என்பது பழங்குடி மக்கள் உருவங்களைச் செதுக்கி நிறுத்தும் உயரமான மரத்தூண். அவற்றைப் பார்க்க, தென்கிழக்கு அலாஸ்காவில் உள்ள கெட்சிகன் ஊருக்குப் பெரும்பாலானவர்கள் சுற்றுலாக் கப்பலில்தான் வருகிறார்கள். கப்பல் சில மணி நேரம்தான் நிற்கும். அந்த அவசரத்தில் பக்கத்தில் இருக்கும் சாக்ஸ்மன் பூங்காவுக்கு ஓடி, கம்பத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் முதல் தவறு. நாலே கம்பங்களைப் பார்த்தாலும் சரி, யார், எதற்காக நிறுத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, இவற்றைச் சாமி சிலைகள் என்று நினைப்பது. அந்தக் காலத்து மிஷனரிகள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். இந்தப் பகுதியின் பழங்குடிகளான ட்லிங்கிட் மக்கள் கம்பத்தை வணங்குவதில்லை. அதில் செதுக்கியுள்ள அண்டங்காக்கை, கழுகு, ஓநாய், கரடி எல்லாம் குலச்சின்னங்கள். இறந்தவர் நினைவாக நிறுத்தியவை உண்டு, குலக்கதை சொல்பவை உண்டு, ஒருவரை வெட்கப்பட வைக்கவே நிறுத்தியவையும் உண்டு. 1867-ல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை அமெரிக்கா வாங்கக் காரணமாக இருந்த வில்லியம் சீவர்டுக்கு, 1869-ல் அவர் இந்தப் பக்கம் வந்தபோது ட்லிங்கிட் தலைவர் விருந்து வைத்துப் பரிசுகளும் கொடுத்தார். வாங்கியவர் திருப்பிச் செய்வது இங்கே முறை. சீவர்டு செய்யவில்லை என்பதால் அவருக்கு ஒரு கம்பம் எழுந்தது. அதைப் பார்த்துச் செதுக்கியது சாக்ஸ்மனில் நிற்கிறது. சிவப்புச் சாயம் பூசிய மூக்கையும் காதுகளையும் கவனியுங்கள்.

மேலே இருப்பவர் பெரியவர், அடியில் இருப்பவர் சிறியவர் என்று கணக்குப் போடாதீர்கள். உருவங்களின் வரிசை பதவி வரிசை இல்லை.

'இது நகல்தானே' என்று முகம் சுளிப்பதும் வேண்டாம். இந்த ஊரில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை. செந்தேவதாரு மரமே ஆனாலும் வெட்டவெளியில் நூறாண்டு தாங்குவது அரிது. 1938-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில், பழங்குடிச் சிற்பிகளே பழைய கம்பங்களைப் பழுதுபார்த்தார்கள், முடியாதவற்றைப் புதிதாகச் செதுக்கினார்கள். அந்தக் கை வேலையைத்தான் நாம் பார்க்கிறோம். 19-ஆம் நூற்றாண்டு அசல்கள் வேண்டுமென்றால் கெட்சிகனிலேயே டோட்டம் பாரம்பரிய மையம் இருக்கிறது. என்னைக் கேட்டால், முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் பூங்காவுக்கு வருவது நல்லது.

எல்லாமே ட்லிங்கிட் கம்பங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். ஊருக்கு வடக்கே டோட்டம் பைட் பூங்காவில் ஹைடா மக்களின் கம்பங்களும் கலந்து நிற்கின்றன. இரண்டும் தனித்தனி மக்கள், தனித்தனி மொழிகள்.

மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் சாயவோ பாசியைச் சுரண்டவோ கூடாது. மரத்தில் ஏற்கெனவே ஈரம் ஊறியிருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இவை யாருக்கும் சொந்தமில்லாத பழம்பொருள் என்று நினைப்பது. சின்னமும் கதையும் அந்தந்தக் குலத்தின் உடைமை. 1899-ல் அமெரிக்க ரயில்வே முதலாளி ஹாரிமனின் ஆய்வுப் பயணக் குழு, ட்லிங்கிட் மக்களின் கேப் ஃபாக்ஸ் கிராமத்தில் இறங்கியது. ஆள் நடமாட்டம் இல்லை, கைவிடப்பட்ட ஊர்தான் என்று முடிவுகட்டி, கம்பங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. அந்த மக்களோ சாக்ஸ்மனுக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். அருங்காட்சியகங்களில் கிடந்த அந்தக் கம்பங்கள் வாரிசுகளின் கைக்குத் திரும்பிவர 2001 வரை ஆனது. இன்றும் சாக்ஸ்மன் அவர்கள் குடியிருக்கும் ஊர்தான். செதுக்கும் கொட்டகையில் யாராவது வேலையில் இருந்தால், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.