வெப் பார்ட்டுக்கு சிஎஸ்எஸ் எழுதேக்க வேலி போட மறக்காதேங்கோ

இஞ்ச டவுனுக்குள்ள ஒரு ஒபிசுக்கு ஷேர்பாயின்ட்ல (மைக்ரோசொப்ட்டின்ட ஒபிஸ் தளம்) நோட்டிஸ் போர்ட் வெப் பார்ட் ஒண்டு, அதாவது பேஜில வைக்கிற ஒரு துண்டு, செய்து குடுத்தனான், தலைப்பு எடுப்பா இருக்கட்டும் எண்டு, பேஜின்ட தோற்றத்தைச் சொல்லுற சிஎஸ்எஸ்ல 'டைட்டில்' எண்ட கிளாசுக்கு (ஸ்டைலுக்கு வைக்கிற பேர்) சிவப்பு அடிச்சு விட்டுட்டன். அடுத்த நாள் காலமையே போன். "தம்பி, பக்கத்தில லீவு லிஸ்டும் சிவந்து போய்க் கிடக்குதே, என்ன செய்தனீங்கள்?"

பிழை என்ர தான். சாதாரண சிஎஸ்எஸ் பைல்ல எழுதுற கிளாஸ், எங்கட திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மான் மாதிரி. நீங்கள் கோட்டைக்குள்ள விட்டாலும் அது ரோட்டுக்கு வந்து நிக்கும். அந்தப் பேஜில அதே பேரில வேற எது இருந்தாலும் போய்ப் பிடிச்சிடும்.

அதால முதல் வேலை, பைலின்ட பேரைப் பாருங்கோ. கடைசியில 'மாட்யூல் டொட் எஸ்சிஎஸ்எஸ்' எண்டு முடியோணும். யோமன் ஜெனரேட்டரால (அடிப்படைப் பைல்களைத் தானா உருவாக்கித் தாற டூல்) புரொஜெக்ட் தொடங்கினா அப்பிடி ஒண்டு தானாவே வந்திருக்கும், அதுக்குள்ள எழுதினாக் காணும். பில்ட் (எழுதின கோட்டை பிரவுசருக்கு ஏத்தபடி மாத்துறது) ஓடேக்க 'டைட்டில்' எண்டது அண்டர்ஸ்கோரும் கொஞ்ச எழுத்தும் இலக்கமும் ஒட்டின பேரா மாறிடும், இன்னொருத்தர்ட டைட்டிலோட மோதாது. பக்கத்தில டைப்ஸ்கிரிப்ட் பைல் ஒண்டும் உருவாகும், அதில கை வைக்காதேங்கோ, ஒவ்வொரு பில்ட்டுக்கும் திரும்ப எழுதுப்படும்.

பிறகு கொம்பொனன்ட்ல (வெப் பார்ட் காட்டுறதை எழுதுற கோட் பைல்) அந்தப் பைலை 'ஸ்டைல்ஸ்' எண்டு இம்போர்ட் பண்ணி, கிளாஸ்நேமுக்கு ஸ்டைல்ஸ் டொட் டைட்டில் எண்டு குடுங்கோ. மேற்கோளுக்குள்ள வெறும் டைட்டில் எண்டு எழுதினா ஒண்டும் வேலை செய்யாது, பேர் தான் மாறிட்டுதே! புதுசாப் பழகுற ஆக்கள் அரைநாள் தலையைப் பிய்க்கிறது இதில தான். பேருக்கு நடுவில ஹைபன் வைக்காதேங்கோ, டொட் போட்டுக் கூப்பிடேலாமப் போயிடும்.

வெளி லைப்ரரி ஒண்டு தன்ர கிளாஸ் பேரோட எச்டிஎம்எல் போட்டா, அதைப் பிடிக்க 'குளோபல்' (பில்ட்டில பேரை மாத்தாம விடச் சொல்லுற குறி) போடுங்கோ. ஆனா அதை உங்கட வெப் பார்ட்டைச் சுத்தியிருக்கிற வெளி டிவ்வின்ட கிளாசுக்குள்ள நெஸ்ட் பண்ணி (உள்ளுக்க வைச்சு) எழுதுங்கோ, தனிய விட்டா திரும்பவும் மான் கதை தான். ஷேர்பாயின்ட்டின்ட சொந்த கிளாசுகளை மட்டும் தொடவே வேண்டாம், மைக்ரோசொப்ட் சொல்லாமலே மாத்திப்போடுவாங்கள், பிறகு ராவிரவா நீங்கள் தான் இருந்து பாக்கோணும்.

நிறத்துக்கு ஹெக்ஸ் கோட்டை (நிறத்தின்ட இலக்கம்) நேர எழுதாம தீம் டோக்கன், அதாவது தளத்தின்ட நிறத் தொகுப்பில இருந்து நிறத்தை எடுக்கிற குறி, போடுங்கோ: சதுர அடைப்புக்குள்ள தீம் பிரைமரி எண்ட பேரும் அது கிடைக்காட்டி வாற டிபோல்ட் நிறமும், முழுசையும் சுத்தி இரட்டை மேற்கோள். மேற்கோளை விட்டா வேலை செய்யாது. நாளைக்கு ஒபிஸ் தீமை நீலத்தில இருந்து பச்சைக்கு மாத்தினா உங்கட வெப் பார்ட்டும் சேர்ந்து மாறும்.

அகலம் தான் எனக்கு இன்னும் எரிச்சல். மீடியா குவெரி (அகலத்தைப் பாத்து ஸ்டைல் மாத்துற சிஎஸ்எஸ் விதி) பிரவுசர் விண்டோவைத் தான் பாக்கும், உங்கட வெப் பார்ட் மூண்டில ஒரு பங்கு கொலம்னுக்குள்ள நசுங்கிக் கிடக்கிறது அதுக்குத் தெரியாது. பிக்சல்ல அகலம் குடுக்காம பிளெக்ஸ் ராப் (இடம் காணாட்டி அடுத்த வரிக்கு இறங்க விடுறது) போட்டு விடுங்கோ.

குடுக்க முதல், ஒரே பேஜில உங்கட வெப் பார்ட்டை ரெண்டு தரம் போட்டு, ஒண்டை ஒடுங்கின கொலம்னில வைச்சு, தீமை மாத்திப் பாருங்கோ. ஐடிக்கு (பேஜில ஒருக்கா மட்டும் வரவேண்டிய பேர்) ஸ்டைல் எழுதியிருந்தா அதையும் கிளாசா மாத்துங்கோ, ரெண்டு வைச்சா ஒரே ஐடி ரெண்டு இடத்தில வரும்.