பழைய பென்ஸ் 240டி: தாவர எண்ணெயில் திணறலைச் சரிசெய்தது

தாவர எண்ணெயில் ஓட்டும் டீசல் கார் மேட்டில் இழுக்காமல் திணறினால் உடனே எரிபொருள் பம்ப் மேல் சந்தேகப்படாதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற சின்ன பிளாஸ்டிக் ஃபில்டரைப் பாருங்கள். என் வண்டியில் அது கன்னங்கரேலென்று இருந்தது: டேங்க் அடியில் படிந்த டீசல் கசடைத் தாவர எண்ணெய் இளக்கிக் கொண்டுவந்துவிடும். இந்தச் சின்ன ஃபில்டரையும் பெரிய மெயின் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றினேன். பெரியதில் டீசல் நிரப்பி மாட்டி, கைப்பம்பால் காற்றை வெளியேற்றினேன். மறுபடியும் அடைக்கும், டிக்கியில் இன்னொரு செட் இருக்கட்டும். ரப்பர் ஹோஸ் ஊறிக் கசிந்தால் எண்ணெயைத் தாங்கும் வைட்டான் ரப்பர் ஹோஸ் போடுங்கள்.

குளிர்ந்த எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டி. அதனால் டேங்க் இரண்டு. டீசலில் ஸ்டார்ட், கூலன்ட் 70 டிகிரி தாண்டியதும் எண்ணெய், நிறுத்துமுன் சில நிமிடம் திரும்பவும் டீசல். இந்த வண்டியில் உள்ள இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக எரிபொருளைத் தள்ளுவது) இதைத் தாங்கும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே சுழலும் பாகம் பகிர்ந்து கொடுக்கும் ரோட்டரி பம்ப் என்றால் எனக்குத் துணிச்சல் வராது.