பழைய லேப்டாப்பில் புது எஸ்எஸ்டி: லினக்ஸ் மின்ட் போடுவது எப்படி?

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் பழைய லேப்டாப்பை வைத்துச் சமாளிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல பழைய லேப்டாப்களில் இல்லை. அதற்காக ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள். ஹார்ட் டிஸ்கை விட வேகமான எஸ்எஸ்டியை மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டால் பிள்ளைகள் படிக்கத் தாராளமாகப் போதும்.

முதலில் பென் டிரைவ். 8 ஜிபி இருந்தால் சரி. லினக்ஸ் மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (இன்ஸ்டால் செய்வதற்கான ஃபைல்) இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) போட்டிருந்தால், பின்னால் அந்த டிஸ்கைத் திறக்க அதன் ரெக்கவரி கீயைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடியே ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுதாக அணையும்.

இனி கழற்றலாம். சார்ஜரை எடுத்து, பேட்டரியின் இணைப்பையும் விடுவியுங்கள். நம் பக்கம் உப்புக் காற்று. டிஸ்க் மாட்டும் இடத்து முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். இதில் அவசரமே வேண்டாம். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அதே அளவு சாட்டா எஸ்எஸ்டி உட்காரும். சிறிய பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டி என்றால், உங்கள் மாடல் சாட்டா, என்விஎம்இ என்ற இரு இணைப்பு வகைகளில் எதை ஏற்கும் என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

நான் விடாமல் வற்புறுத்துவது ஒன்றுதான்: இன்ஸ்டால் முடியும்வரை பழைய டிஸ்க் லேப்டாப்புக்குள் இருக்கவே கூடாது. இரண்டும் இருந்தால் தவறான டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, கல்யாணப் போட்டோ முதல் படகுப் பதிவுச் சான்று வரை துடைத்துவிடும் ஆபத்து உண்டு. வெளியே இருக்கும் டிஸ்கை யாராலும் அழிக்க முடியாது.

பேட்டரியை மாட்டி, சார்ஜரும் செருகுங்கள். பென் டிரைவோடு ஆன் செய்து பூட் மெனுவுக்குப் போய் (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் திரை) பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்; டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. மின்ட் திரை வந்ததும் உடனே இன்ஸ்டால் கொடுக்காமல் வைஃபை, ஸ்பீக்கர், டச்பேட் வேலை செய்கிறதா பாருங்கள். எல்லாம் சரி என்றால் திரையில் உள்ள இன்ஸ்டால் ஐகானைத் திறந்து, டிஸ்கை முழுதாக அழித்து நிறுவும் வழியைத் தேர்ந்தெடுங்கள். நேர மண்டலம் கொல்கத்தா. நடுவில் கரண்ட் போய் லேப்டாப் அணைந்தாலும் பதற வேண்டாம். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

முடிந்ததும் ரீஸ்டார்ட். சொல்லும்போது பென் டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டுங்கள். அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள். கீபோர்டு அமைப்பில் தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். லிப்ரே ஆஃபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் கூடவே வந்திருக்கும்.

பழைய ஃபைல்களை எடுக்க, யுஎஸ்பி-சாட்டா கேபிளில் அந்த டிஸ்கைச் செருகினால் போதும். எல்லாவற்றையும் காப்பி செய்த பிறகும் அதை ஃபார்மேட் செய்யாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய டப்பாவில் போட்டு வையுங்கள்.