காலிக் கட்டம் பூஜ்யம் அல்ல: பெப்டைடு அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறை நிறமாலைமானியின் கோப்புகளை மென்பொருளில் ஏற்றினால், வரிசைக்கு ஒரு பெப்டைடும் (புரதத்தை வெட்டிக் கிடைக்கும் சிறு துண்டு) பத்திக்கு ஒரு மாதிரியுமாக அட்டவணை வந்துவிடும். அதில் பல கட்டங்கள் காலியாக இருக்கும். நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது: காலியான இடத்தில் பூஜ்யத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

காலி என்றால் இல்லை என்று பொருளல்ல. டிடிஏ (DDA, தரவு சார்ந்த தேர்வு) முறையில் கருவி ஒவ்வொரு சுற்றிலும் வலுவான சில அயனிகளை மட்டும் தேர்ந்து உடைக்கிறது. ஒரு மாதிரியில் தேர்வான பெப்டைடு, அடுத்த மாதிரியில் அதே அளவு இருந்தும் விடுபடலாம். வேறொன்று உண்மையிலேயே கண்டறியும் எல்லைக்குக் கீழே இருக்கலாம். முன்னது தற்செயல், பின்னது அளவைப் பொறுத்தது. இரண்டையும் ஒரே வழியில் நிரப்பக் கூடாது.

புரதத் தரவை அலசும் பெர்சியஸ் மென்பொருளின் இயல்பு அமைப்பு, சராசரியிலிருந்து 1.8 திட்டவிலக்கம் கீழே இறங்கி, திட்டவிலக்கத்தின் 0.3 மடங்கு அகலமுள்ள பரவலிலிருந்து எண்களை எடுத்து நிரப்புகிறது. எல்லைக்குக் கீழே போனவற்றுக்கு இது ஏற்றது. தற்செயலாக விடுபட்ட வலுவான பெப்டைடுக்கு இதையே செய்தால், நடக்காத வீழ்ச்சி ஒன்று முளைக்கும். நிரப்பிய எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் புள்ளியியல் சோதனையும் அதை உண்மை என்றே காட்டும். ஆகவே ஒவ்வொரு குழுவிலும் எத்தனை மாதிரிகளில் உண்மையான அளவு கிடைத்தது என்று முதலில் எண்ணுங்கள். நிரப்பியும் நிரப்பாமலும் இருமுறை கணக்கிட்டு, நிரப்பியதால் மட்டுமே தேறிய புரதங்களைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இரண்டு வெவ்வேறு பெப்டைடுகளின் சமிக்ஞை வலிமையை நேரடியாக ஒப்பிடாதீர்கள். அயனியாகும் திறன் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒரே பெப்டைடை மாதிரிக்கு மாதிரி ஒப்பிடுவதுதான் சரி.

நிறமாலைப் பொருத்த அளவில் (ஒரு நிறமாலையை ஒரு பெப்டைடோடு பொருத்தும் நிலையில்) 1% பிழை வீதம் வைத்தால் புரத அளவிலும் 1% தான் என்று நம்புவதும் தவறு. சரியான பொருத்தங்கள் அதே புரதங்களில் திரும்பத் திரும்பக் குவியும். தவறானவை ஆளுக்கொரு புரதமாகச் சிதறும். கோப்புகள் கூடக் கூடப் புரத அளவில் பிழை பெருகும். அந்த வடிகட்டலைத் தனியே செய்ய வேண்டும்.

பல மாதிரிகளுக்கு வேதி அடையாளம் இட்டு ஒன்றாக அளக்கும் டிஎம்டி (TMT) குறியீட்டில், உடன் உடைபடும் அண்டை அயனிகள் மாதிரிகளுக்கு இடையிலான விகிதத்தை 1 நோக்கி இழுக்கும். அங்கே சிறிய மாற்றத்தைச் சிறியது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நிறைச் சாளரத்தையும், அதாவது ஒரே நிறை என்று ஏற்கும் இடைவெளியையும், கவனியுங்கள். அமைடு இழப்பு (deamidation) என்னும் வேதி மாற்றம் பெப்டைடின் நிறையை 0.984 டால்டன் கூட்டுகிறது. கார்பனின் கனமான ஐசோடோப்பான கார்பன்-13 கூட்டுவது 1.003. இடைவெளி 0.019 தான். சாளரம் அகலமானால், மாற்றமடையாத பெப்டைடின் ஐசோடோப் உச்சமே அமைடு இழந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். முடிவு இப்படிப்பட்ட ஒரு பெப்டைடை நம்பி நின்றால், ஸ்கைலைன் மென்பொருளில் அதன் உச்சங்களைத் திறந்து, எல்லா மாதிரிகளிலும் ஒரே நேரத்தில் வெளிவருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.