டிஸ்க் வலியோடு பெங்களூரில் முதல் ஆறு வாரம்

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ‘எல்4-எல்5’ அல்லது ‘எல்5-எஸ்1’ என்று இருக்கும். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளில் (டிஸ்க்) அதிகச் சுமை விழும் அடி வட்டுகள் அவை. ‘டிஸ்க் நழுவிடுச்சு’ என்று சொல்கிறோம்; எதுவும் நழுவுவதில்லை. வட்டின் வெளிவளையம் பலமிழந்து, உள்ளே இருக்கும் கூழ் பின்பக்கம் பிதுங்கிப் பக்கத்து நரம்பை உறுத்துகிறது. அதனால்தான் கோளாறு இடுப்பில் இருக்க, வலி பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால், பாதம் வரை ஓடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே தணிந்துவிடும். பிதுங்கியதை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். அதுவரை அந்த இடத்தை மறுபடி நசுக்காமல் நாளை ஓட்ட வேண்டும்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலமிழந்தாலோ, நள்ளிரவானாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காலை ஓ.பி.க்காகக் காத்திருந்தால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடலாம். முன்பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மற்றபடி, முழுநேரமும் படுத்தே கிடப்பது நல்லதல்ல. ஒன்றிரண்டு நாள் போதும். அதற்கு மேல் படுத்தால் இடுப்பைத் தாங்கும் தசை வற்றி, எழுந்த பிறகு சின்ன வேலைக்கே வலி திரும்பும்.

இரவில் வட்டு தண்ணீரை இழுத்து உப்பியிருக்கும். காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது ஆபத்தாவது இதனால்தான். அந்த நேரத்தில் கோலம், பெருக்கல், ஷூ லேஸ் எதுவும் வேண்டாம். வாசற்படியில் வைத்துவிட்டுப் போகும் நந்தினி பால் பாக்கெட்டுக்குக் கதவுக் கொக்கியில் ஒரு பை மாட்டிவையுங்கள். படுக்கையிலிருந்து நேராக எழுந்து உட்காரக் கூடாது. முதலில் முழங்காலை மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் உருள வேண்டும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழுங்கள். கால் இறங்கும் கனமே உடம்பை மேலே தூக்கிவிடும். தரையில் பாய் போட்டுப் படுத்தால் முதுகுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். படுப்பதில் சிக்கல் இல்லை, தரையிலிருந்து எழுவதில்தான் இருக்கிறது. இந்தச் சில வாரம் கட்டிலே சௌகரியம். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியிலும், ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கு நடுவிலும் தலையணை வையுங்கள்.

பல் தேய்த்துவிட்டு வாஷ்பேசின்மேல் கவிழ்ந்து துப்பும் அந்த அரை வினாடியில் பலருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு கையைப் பேசின் விளிம்பில் ஊன்றி முழங்காலை லேசாக மடக்குங்கள், அல்லது ஒரு மக்கை உயர்த்திப் பிடித்து அதில் துப்புங்கள். குளிக்கும் வாளியை முக்காலிமேல் வைத்து, காலியாக இருக்கும்போதே ஹோஸ் மாட்டி நிரப்புங்கள். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் அதன்மேல் போடும் கமோடு நாற்காலி சர்ஜிகல் கடையில் கிடைக்கும். முக்கினால் வலி மின்னலாகக் காலில் இறங்கும். டிரமடால் சேர்ந்த வலி மாத்திரை மலத்தை இறுக்கும், ஆகவே தண்ணீர், கீரை, கொய்யா, தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு இசப்கோல். பெங்களூர்த் தூசியில் தும்மலுக்குப் பஞ்சமில்லை. வருகிறது என்று தெரிந்ததும் நிமிர்ந்து நின்று சுவரில் கை ஊன்றிக்கொள்ளுங்கள்.

அடுக்களையில் பெரிய எதிரி 20 லிட்டர் தண்ணீர் கேன். தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அதைத் தூக்கிக் கவிழ்க்கும்போது குனிதல், தூக்குதல், திரும்புதல் மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. வட்டுக்கு இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது. சார்ஜ் போடும் சின்ன மோட்டார் பம்பைக் கேன் வாயில் செருகினால் கேன் தரையிலேயே இருக்கலாம். கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்ந்து 30 கிலோ வரும். கொண்டுவருபவரையே உள்ளே வைத்து மாட்டித்தரச் சொல்லுங்கள். தினம் எடுக்கும் குக்கர், அரிசி டப்பா, தோசைக்கல் எல்லாம் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே உள்ள தட்டுக்கு வரட்டும். கிரைண்டர் டிரம்மைத் தூக்காமல் மாவைக் கரண்டியால் அள்ளுங்கள். நின்று சமைக்கும்போது ஒரு காலை மணைப் பலகைமேல் வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

தூக்குவதை எல்லோரும் அஞ்சுகிறோம், உட்காருவதை அஞ்சுவதில்லை. இந்த ஊரில் அதிகம் கெடுப்பது அதுதான். கூன் போட்டு உட்கார்ந்தால் வட்டின்மேல் விழும் அழுத்தம் நிற்பதைவிட அதிகம். வீட்டிலிருந்து வேலை என்று கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப் வைப்பதைவிடக் கெடுதல் வேறில்லை. மேசையில் புத்தகம் அடுக்கி லேப்டாப்பின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள், கீபோர்டு தனியாக இருக்கட்டும். முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்தும், பாதம் முழுதும் தரையில் பதிந்தும் இருக்க வேண்டும். முன்கை பருமனுக்குத் துண்டைச் சுருட்டி பெல்ட் மட்டத்தில் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். பின் பாக்கெட் பர்ஸை எடுத்துவிடுங்கள். 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அடித்ததும் எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். போன் மீட்டிங் எல்லாம் நின்றபடியே. தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவது குணமான பிறகு.

10 நிமிட நடை, நாளுக்கு மூன்று முறை என்று தொடங்குங்கள். சாக்கடைமேல் கல் பலகை போட்ட நடைபாதை வேண்டாம். ஒரு கல் ஆடினாலும் இடுப்பு வெட்டும். அபார்ட்மென்ட் கார் பார்க்கிங், கப்பன் பார்க், லால்பாக்கின் சமதளப் பாதைகள் போதும். லால்பாக் பாறையை இப்போதைக்குக் கீழிருந்தே பாருங்கள். அதிகமாகிவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு: கால்வலி மேலேறி இடுப்போடு நின்றால், இடுப்பு சற்று அதிகம் வலித்தாலும் தேறுகிறது என்று பொருள். வலி முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கினாலோ, மறுநாள் காலையும் தணியாமல் இருந்தாலோ முந்தைய நாளின் பாதியளவு செய்யுங்கள்.

டூவீலரை டாக்டர் சொல்லும்வரை தொட வேண்டாம், பின்சீட்டும்தான். பார்க்காத வேகத்தடை ஒன்று ஒரு வாரத் தேற்றத்தைத் தின்றுவிடும். மெட்ரோதான் குலுக்கல் குறைந்தது. பஸ்ஸில் பின்சக்கரத்துக்குப் பின்னாலுள்ள சீட் அதிகம் தூக்கிப்போடும், நடுவில் உட்காருங்கள். ஆட்டோ தவிர்க்க முடியாவிட்டால் முதலில் பிட்டத்தை வைத்து, பிறகு இரு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். ‘நிதானக்கே ஹோகி’ (மெதுவாகப் போங்கள்) என்று ஏறும்போதே கன்னடத்தில் சொல்லிவிடுங்கள். இடுப்பு பெல்ட் பயணத்துக்கு மட்டும். நாள் முழுக்கக் கட்டினால் தசை சோம்பிவிடும்.

முதுகில் ஏறி மிதிப்பது, சுளுக்கு எடுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். அழுத்தத்தில் இன்னும் கூழ் பிதுங்கலாம். நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரையை, வலி போனதென்று நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்; படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தலைசுற்றும் என்பதால் இரவில் எழும்போது விளக்கைப் போடுங்கள்.

சேலம், கோவை என்று ஊருக்குப் போக வேண்டியிருந்தால் ரயிலில் லோயர் பெர்த் எடுங்கள். ஸ்லீப்பர் பஸ்ஸின் மேல்படுக்கையில் ஏறி இறங்குவதே பெரும்பாடு. திரும்பும்போது அம்மா கட்டித்தரும் அரிசிப் பையையும் எண்ணெய் டின்னையும் கையில் எடுக்காமல் பார்சலில் போடச் சொல்லுங்கள்.